மாமியார் வேடம்

எனக்குக் கனத்த குரல். மூன்றாம் வகுப்புக்கு நான் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தால் தட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கும் நான்காம் வகுப்பும் சேர்ந்து சொல்லும். இந்தக் குரலினால் எங்கள் சபையின் கிறிஸ்துமஸ் நாடகத்தில் எனக்கு மரியாள் வேடம் ஒருபோதும் கிடைத்ததில்லை. தேவதூதன் வேடமும் கிடைத்ததில்லை. வருடா வருடம் ஏரோது ராஜா நான்தான். தாடி ஒட்டி, அட்டைக் கிரீடம் வைத்து, பெத்லகேமிலுள்ள ஆண் குழந்தைகளை எல்லாம் கொல்லச் சொல்லி உத்தரவு போடுவேன். முன்னால் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருக்கும் பெண்கள் பிள்ளையை இறுக்கிக்கொள்வார்கள். அதைப் பார்க்க எனக்குப் பிடித்திருந்தது.

எண்பதுகளின் நடுவில் அப்படி ஒரு கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு இரும்புக்கடை பாய் வந்திருந்தார். நாடகம் பார்க்க வரவில்லை. நட்சத்திரம் கட்டுவதற்கு அவர் கடையிலிருந்து இரவல் வாங்கி வந்த ஏணியைத் திருப்பிக் கொண்டுபோக வந்தவர், ஏணியின் மேல் சாய்ந்தபடி முழுவதையும் பார்த்துவிட்டுத்தான் போனார். பாய்க்கு ராஜபாளையத்தில் பழைய கடை. ஆணி, தாழ்ப்பாள், பெயிண்டு, கயிறு எல்லாம் விற்பார். வியாபாரம் இல்லாத நேரத்தில் நாடகம் எழுதுவார். எங்கள் வட்டாரத்துக் கலை இலக்கிய விழாவுக்கு அவர்தான் செயலாளர்.

விழா வருடத்துக்கு ஒருமுறை, மே மாத விடுமுறையில், ஒரு சனியும் ஞாயிறும் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் நடக்கும். ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பொதுவான விழா. நோட்டீஸில் எந்த ஊர்ப் பெயரை முதலில் போடுவது என்று ஆரம்பத்திலேயே தகராறு வந்ததால், இரண்டு விதமாக அச்சடித்து அந்தந்த ஊரில் அந்தந்த நோட்டீஸை ஒட்டினார்கள். இரண்டு ஊருக்கும் நடுவிலிருக்கும் வன்னியம்பட்டியில் எதை ஒட்டுவது என்று கமிட்டியில் முடிவாகவில்லை. அந்த ஊரில் நோட்டீஸே ஒட்டாமல் விட்டுவிட்டார்கள்.

சனிக்கிழமை பிள்ளைகளுக்குப் பேச்சுப் போட்டி, பிறகு கவியரங்கம், சாயங்காலம் பட்டிமன்றம். கவியரங்கத்தில் கவிதை வாசிக்கக் காத்திருப்பவர்கள்தான் பெரும்பாலும் கவிதையைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒயிலாட்டம், வெளியூர் எழுத்தாளரிடம் கேள்வி கேட்கும் நேரம், கடைசியாக நாடகம். விழாத் தலைவர், வீட்டில் தெலுங்கு பேசும் ஒரு மாந்தோப்புக்காரர். இலக்கியத்தில் அவருக்கிருந்த ஈடுபாடு மாம்பழமாக வெளிப்பட்டது. இரண்டு நாளும் வந்தவர் எல்லோருக்கும் கூடை கூடையாகப் பழம் உண்டு. கூட்டம் கலையாமல் இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

பொங்கல் கழிந்து ஒரு நாள் பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா நூல் மில்லில் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணாச்சி, இந்த ஊருலயே நடிக்கத் தெரிஞ்ச ஆளு ஒங்க மவ ஒருத்திதான்."

"அவ டீச்சர்லா, பாய்."

"அதுக்கென்ன? நான் இரும்புக்கடைக்காரன்தான்."

அப்பா கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "மாப்பிள்ள பாத்துக்கிட்டு இருக்கோம். இந்த நேரத்துல மேடையில ஏறி ஒருத்தனுக்குப் பொஞ்சாதியா நின்னா நல்லாவா இருக்கும்?"

"பொஞ்சாதி இல்ல அண்ணாச்சி. மாமியா. அதுவும் புருசன் செத்துப்போன மாமியா. அவர போட்டோவா சுவத்துல மாட்டிருதேன்."

அப்பா கொஞ்சம் யோசித்தார். "போட்டோவுல யாரு?"

"யாரும் இல்ல. வெறும் சட்டம்தான். மாலையப் போட்டுட்டா தெரியாது."

அதோடு அப்பா சம்மதித்துவிட்டார். எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் உடனே சரி என்று சொல்லியிருப்பேன். அது அவ்வளவு நன்றாக இருந்திருக்காது.

நாடகம் வரதட்சணைக் கொடுமை பற்றியது. தலைப்புக்குப் பின்னால் நான்கு ஆச்சரியக்குறிகள் இருந்தன. மகனுக்கு ஸ்கூட்டர் வாங்கித் தரவில்லை என்று ஒரு மாமியார் மருமகளைப் படுத்துகிற பாடுதான் கதை. மருமகளாக எங்கள் பள்ளிக்கூடத்துத் தையல் டீச்சர். கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள் இருந்தாலும் பார்த்தால் சின்னப் பெண் மாதிரி இருப்பார். சத்தமாகப் பேச வராது. ஆனால் சட்டென்று அழுதுவிடுவார். பாய்க்கு அது போதுமானதாக இருந்தது. மகனாக ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடும் ஒரு பையன். "அம்மா" என்று சொல்வதும் தலையைக் குனிவதும்தான் அவன் வேலை.

ஒத்திகை பாயின் கிட்டங்கியில், பெயிண்டு டின்களுக்கும் கயிற்றுச் சுருள்களுக்கும் நடுவில் நடந்தது. பாய் சிமெண்டு மூட்டை மேல் உட்கார்ந்துகொண்டு, "டீச்சர், இன்னும் கொஞ்சம் விஷம் வேணும்" என்பார். நான் எங்கள் தலைமையாசிரியையை நினைத்துக்கொண்டு பேசுவேன். தையல் டீச்சர் அழுவார். "ஆங், இதுதான்" என்பார் பாய். வீட்டுக்குப் போகும் வழியில் நானும் தையல் டீச்சரும் ஒன்றாகத்தான் நடப்போம். பாதித் தூரம் வரை அவர் என்னோடு பேசமாட்டார்.

நரைத்த தலைக்கு டோப்பா வேண்டியிருந்தது. மதுரையில் போய் வாடகைக்கு எடுப்பதாகப் பேச்சு. பாய் ஒரு நாள் பூராவும் கடையில் உட்கார்ந்து, குழாய் மூட்டுக்குச் சுற்றுகிற சணலில் ஒரு கொண்டை செய்து கொண்டுவந்தார். தலையில் வைத்துக் கண்ணாடியில் பார்த்தேன். எனக்கு வயது அறுபது. அம்மா பார்த்துவிட்டு, "செத்துப்போன எங்க பெரியம்மா மாதிரியே இருக்கா" என்று உள்ளே போய்விட்டாள்.

இதற்கிடையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு வரன் வந்தது. எங்கள் சபை உபதேசியாரின் மனைவி கொண்டுவந்தது. மாப்பிள்ளை கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் ஒர்க்ஷாப் இன்ஸ்ட்ரக்டர். தகப்பனார் இல்லை. அம்மாவும் ஒரு தம்பியும். தாய்மாமன்தான் எல்லாவற்றையும் எடுத்துச் செய்கிறவர். விழா முடிந்த அடுத்த ஞாயிறு, ஆராதனைக்குப் பிறகு, பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு.

என்னைப் பற்றி உபதேசியார் மனைவி அங்கே என்ன சொன்னார் என்பது எனக்குப் பிறகு தெரியவந்தது. "பிள்ளை டீச்சர். கலை, இலக்கியத்துல ரொம்ப ஈடுபாடு. ராஜபாளையத்து விழாவுலகூட பங்கெடுக்குது" என்றிருக்கிறார். மாப்பிள்ளையின் அம்மா அதைப் பாட்டு என்று எடுத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தால் பெண்ணை ஜோடித்துத்தான் காட்டுவார்கள், அதற்கு முன்னால் தெரியாமல் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று தீர்மானித்து, மகனையும், தாய்மாமனான தன் தம்பியையும் கூட்டிக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிவிட்டார். மூன்று பேரும் மத்தியானமே வந்து மாம்பழம் சாப்பிட்டுவிட்டு, ஆண்கள் பக்கம் இரண்டு பேரும், பெண்கள் பக்கம் முன்னால் அந்த அம்மாவுமாக உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். இது எனக்கோ எங்கள் வீட்டுக்கோ தெரியாது.

அன்று கேள்வி நேரத்துக்காகக் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு மைக் வைத்திருந்தார்கள், ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. ஆண்கள் எழுத்தாளரிடம் நிறையக் கேட்டார்கள். பெரும்பாலும் தங்கள் கருத்தைச் சொல்லிவிட்டுக் கடைசியில் கேள்விக்குறி போட்டார்கள். பெண்கள் பக்கம் யாரும் எழுந்திருக்கவில்லை. நேரம் முடிந்ததும் மைக்செட்காரர் ஆண்கள் பக்கத்து மைக்கை எடுத்துக்கொண்டு போனார். மற்றொன்றை யாரும் தொடாததால் அவருக்கும் அது நினைவில் இல்லை. அது அப்படியே ஆனில் இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்தில் நாடகம் தொடங்கியது. சுவரில் மாலை போட்ட வெற்றுச் சட்டம். அதன் கீழே அம்மாவின் பட்டுச்சேலையில், சணல் கொண்டையோடு நான். முதல் காட்சியிலேயே கூட்டம் என்னை வெறுக்கத் தொடங்கிவிட்டது. அது மேடைக்கு வெயில் மாதிரி வந்து சேரும். ஏரோதுவாக இருந்தபோது இப்படி இல்லை. ஏரோது எப்படியும் கெட்டவன்தான் என்று சபையில் எல்லோருக்கும் முன்கூட்டியே தெரியும். இங்கே இவர்கள் புதிதாக, எனக்கென்றே வெறுத்தார்கள். என் குரல் தானாகத் திறந்துகொண்டது.

மூன்றாம் காட்சியில் மருமகள் தாய்வீட்டுக்குப் போய் வெறும் கையோடு திரும்பி வருகிறாள். பசியோடு தட்டில் சோறு போட்டு உட்காருகிறாள். பாய் வீட்டிலிருந்து வந்த நிஜச் சோறு.

"ஸ்கூட்டர் எங்கட்டி?"

"அடுத்த தை மாசம் தாரேன்னு எங்கப்பா சொன்னாவ, அத்தை."

"அப்ப தை மாசம் வரைக்கும் ஒனக்குச் சோறும் ஒங்கப்பனே போடட்டும்!" என்று தட்டைப் பிடுங்கினேன். செம்புத் தண்ணீரை எடுத்துச் சோற்றில் ஊற்றினேன். தையல் டீச்சர் அழுதார். பக்கத்தில் நின்ற மகன், "அம்மா" என்று தலையைக் குனிந்தான்.

ஒரு மாங்கொட்டை வந்து என் தோளில் பட்டது. சப்பி முடித்த கொட்டை. பட்டுச்சேலையில் மஞ்சளாக வழுக்கிக்கொண்டு இறங்கியது. சரி, நன்றாகத்தான் போகிறது என்று நினைத்தேன். அப்போதுதான் பெண்கள் பக்கம் ஓர் அம்மா எழுந்து நின்றார். அவருக்கு நேர் எதிரே அந்த மைக்.

"ஏட்டி! நீயெல்லாம் ஒரு பொம்பளையா? திங்கிற சோத்தப் பிடுங்குதியே, நல்லா இருப்பியா? ஸ்கூட்டர் இல்லன்னா ஒம் மவன் நடந்து போவ மாட்டானா? காலு இல்லயா அவனுக்கு?"

நான்கு குழாய் ஸ்பீக்கரிலும் அது கேட்டது. மைதானத்துக்கு வெளியே டீக்கடை வரைக்கும் கேட்டதாகப் பிறகு சொன்னார்கள். கூட்டம் கை தட்டியது. ஜவுளிக்கடைப் பையன் தன் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டான்.

நான் ஓரப் படுதாவைப் பார்த்தேன். பாய் இரண்டு கையையும் விரித்தார். இந்த இடத்துக்கு வசனம் கிடையாது. நாடகத்தை நிறுத்தவும் அவர் சொல்லவில்லை. நான் தட்டோடு மேடையின் நுனிக்கு வந்தேன்.

"யாருட்டி அது, அங்க கெடந்து கத்துறது? நீயும் மவனப் பெத்தவதான? ஒம் மவனுக்குப் பொண்ணு பாக்கையில நீ எம்புட்டு கேக்கேன்னு இந்த ஊரு பாக்கத்தான போவுது!"

"நானா? நானா கேப்பேன்?" அந்த அம்மா மைக்கைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். "ஏ, எல்லாரும் கேட்டுக்கோங்க! எம் மவன் கல்யாணத்துக்கு ஒரு குண்டுமணி நகை கேட்டேன்னா என் நாக்கு அழுவிப் போவட்டும்! கட்டுன சேலையோட வந்தாப் போதும்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பட்டிமன்ற நடுவருக்குக்கூட முந்தின நாள் அவ்வளவு கிடைக்கவில்லை. ஆண்கள் பக்கத்தில் தாய்மாமன் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்துவிட்டாராம். பக்கத்திலிருந்தவர் அவரிடம், "யாரு பெத்த தாயோ, பொம்பளன்னா இப்படி இருக்கணும்" என்றாராம். இதெல்லாம் என் வீட்டுக்காரர் பிறகு சொன்னவை.

அந்த அம்மாவுக்கு அவ்வளவு கோபம் வந்ததற்குக் காரணம் இருந்தது. மேடையில் இரண்டு பெண்கள். ஒருத்தி அறுபது வயதுக் கிழவி. இன்னொருத்தி அடக்கமான, மெல்லிய குரலில் பேசுகிற இளம்பெண். தான் பார்க்க வந்த டீச்சர் அந்த மருமகள்தான் என்று அவர் முடிவு செய்திருந்தார். தன் வீட்டுக்கு வரப்போகிற பிள்ளையின் சோற்றில் யாரோ ஒருத்தி தண்ணீர் ஊற்றினால் அவர் எப்படிச் சும்மா இருப்பார்?

நாடகம் முடிந்து எங்களுக்கெல்லாம் துண்டு போர்த்தினார்கள். வேடம் மாற்றுகிற வகுப்பறைக்கு நாங்கள் திரும்பிய கொஞ்ச நேரத்தில் அந்த அம்மா உள்ளே வந்தார். என்னைத் தாண்டிப் போய், பெஞ்சில் உட்கார்ந்திருந்த தையல் டீச்சரின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"எம்புட்டு படுத்திட்டா ஒன்ன, அந்த மூதேவி! ஒன்னப் பாக்கத்தாம்மா ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து வந்தோம். வாற ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வாரோம்."

தையல் டீச்சருக்கு மறுபடியும் அழுகை வந்துவிட்டது. "எங்க வீட்டுக்கா? எதுக்கு?" என்றார்.

அந்த நேரம் பார்த்து அவர் வீட்டுக்காரர் பிள்ளைகளோடு வந்தார். சின்னவள் ஓடிவந்து "அம்மா" என்று மடியில் ஏறினாள். அந்த அம்மா கையை எடுத்துக்கொண்டு, பிள்ளையைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார்.

எனக்கு வந்திருந்த வரன் பற்றித் தையல் டீச்சருக்குத் தெரியும். விஷயம் புரிந்ததும் அவர் என் பக்கம் கையைக் காட்டி, "நீங்க தேடுற டீச்சர் அந்தா இருக்காவ" என்றார். அவர் வாழ்க்கையில் அவ்வளவு தெளிவாக ஒரு வாக்கியம் சொல்லி நான் கேட்டதில்லை.

நான் சணல் கொண்டையைப் பாதி கழற்றியிருந்தேன். தோளில் மாம்பழக் கறை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்று கேட்டதுமே எனக்கு யார் என்று புரிந்துவிட்டது. சபையில் யாரையாவது பார்த்தால் வணக்கம் சொல்கிற மாதிரி, "தோத்திரம்மா" என்றேன்.

அவரும், "தோத்திரம்" என்றார்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். கையிலிருந்த கொண்டையைப் பார்த்தார். "பஸ்ஸுக்கு நேரமாச்சு, வாரேன்" என்று போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா முழங்காலில் நின்று ஜெபிக்கத் தொடங்கினாள். அப்பா பாயைத் தேடிக் கடைக்கே போனார். பாய் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அண்ணாச்சி, மொத்த நாடகத்துலயும் நல்ல வசனம் அந்த அம்மா பேசுனதுதான். அத நான் எழுதலையேன்னு எனக்கு வருத்தமா இருக்கு" என்றாராம். அப்பா ஒரு தாழ்ப்பாள் வாங்கிக்கொண்டு திரும்பி வந்தார். எங்கள் வீட்டுக்குத் தாழ்ப்பாள் தேவைப்படவில்லை.

அந்த வாரம் எங்கள் தெருவில் பெண்கள் என்னோடு சரியாகப் பேசவில்லை. காய்க்காரி கத்தரிக்காயை என் பையில் வெடுக்கென்று கொட்டினாள். வரன் தட்டிப்போய்விட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். நான் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் தனியாக இருக்கும்போது, மேடை நுனியில் நின்று நானாகச் சொன்ன அந்தப் பதிலை மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும் அது சரியாகத்தான் இருந்தது. மன்னிப்புக் கேட்பதற்காக ஸ்ரீவில்லிபுத்தூர் போன உபதேசியார் மனைவி வியாழக்கிழமை திரும்பி வந்து, "சொன்னபடி ஞாயித்துக்கெழம வாராவ" என்றார். ஏன் என்று அவருக்கும் தெரியவில்லை.

வந்தார்கள். அம்மா, மகன், மாமன். எங்கள் தெருவில் நாடகம் பார்த்தவர்களுக்குச் செய்தி முன்பே போயிருந்ததால், இரண்டு ஜன்னலிலும் முகங்கள். வாசலில் நின்றவர்கள் நகர்ந்து வழிவிடும்போது, "இவியதான், இவியதான்" என்று அந்த அம்மாவைக் காட்டிக்கொண்டார்கள். ஒரு கிழவர் அவருக்குக் கும்பிடு போட்டார்.

நான் காபி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு நின்றேன். அப்பா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். நகை, சீர் என்று பேச்சு வரும், இன்னது முடியும், இன்னது முடியாது என்று மனதில் தயாராக வைத்திருந்தார். மழையைப் பற்றிப் பேசினார்கள். மில் ஷிப்டைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மாமன் தொண்டையைச் செருமினார்.

"பிள்ளையப் பாத்தாச்சு. நம்ம பக்கம் வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா…"

"நீ காப்பியக் குடி" என்றார் அந்த அம்மா.

மாமன் குடித்தார். டம்ளரைக் கீழே வைத்தார். "இல்லக்கா, நாம ஒண்ணும் வாய் விட்டுக் கேக்கல. அவங்களா பிள்ளைக்குச் செய்றத…"

"ஏலே, ஊருக்கு முன்னால சொல்லியாச்சு. மைக்குல வேற போயிருச்சு."

ஜன்னலில் யாரோ "அதான்" என்றார்கள். மாமன் ஜன்னலைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டார். அப்பா அப்போதும் நாற்காலி நுனியில்தான் இருந்தார். மனதில் தயாராக வைத்திருந்ததை என்ன செய்வதென்று தெரியாமல், "இன்னுங் கொஞ்சம் காப்பி?" என்று கேட்டார்.

அந்த அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏம்மா, வீட்டுலயும் இப்படித்தான் பேசுவியா?"

"இல்ல. அது பாய் எழுதிக் கொடுத்தது."

"எனக்குத் திருப்பிச் சொன்னியே, அது?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். "அது நானாச் சொன்னது" என்றேன்.

அம்மா சமையலறையில் எதையோ கீழே போட்டாள். அந்த அம்மா, "அதான் நெனச்சேன். மத்ததெல்லாம் எழுதுனது மாதிரி இருந்துச்சு" என்றார்.

மாப்பிள்ளையிடம், பெண்ணிடம் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார்கள். அவர் அதுவரை வாயே திறக்கவில்லை. "அந்தக் கொண்டை, பைப்புக்குச் சுத்துற சணலா?" என்றார்.

"ஆமா."

"அரிக்காது?"

"அரிக்கும்."

கல்யாணத்துக்கு முன்னால் நாங்கள் பேசிக்கொண்டது இவ்வளவுதான். அத்தனை ஆயிரம் பேர் அத்தனை கோபத்தோடு பார்த்துக்கொண்டிருந்த இடத்தில், ஒருவர் என் தலை அரிக்குமே என்று யோசித்திருக்கிறார். எனக்கு அது போதும் என்று தோன்றியது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அப்பா தன்னால் முடிந்த நகையைப் போட்டார். அத்தை அதைக் கேட்கவும் இல்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோய், அங்கிருந்து தினமும் பஸ்ஸில் ராஜபாளையம் வந்து வேலை பார்த்தேன். அத்தையோடு நான் சண்டை போட்டதே இல்லை என்று சொல்ல முடியாது. குழம்புக்கு உப்புப் பற்றியும், சம்பளம் வாங்கிய அன்று நேரே வீட்டுக்கு வராதது பற்றியும் போட்டிருக்கிறோம். ஆனால் சத்தம் ஏறினால் பக்கத்து வீட்டுக்காரர்கள் சுவரோரம் வந்து நின்றுவிடுவார்கள். நாடகம் பார்த்தவர்கள் எங்களிடம் நிறைய எதிர்பார்த்தார்கள். அதனால் இரண்டு பேருமே மெதுவான குரலில் சண்டை போடப் பழகிக்கொண்டோம். என் குரலுக்கு அது சிரமமான காரியம்.

அடுத்த வருடம் விழா வந்தபோது எனக்கு ஏழாம் மாதம். அதே நாடகத்தை மறுபடியும் போடுவதென்று, மாமியார் வேடத்துக்கு மதுரையிலிருந்து ஒரு நடிகையை ஏற்பாடு செய்துவிட்டு, பாய் எங்கள் வீட்டுக்கு வந்தார். என்னைப் பார்க்க வரவில்லை.

"ஆச்சி, நீங்க போன வருசம் மாதிரியே எந்திரிச்சு நாலு வார்த்த பேசணும். மைக் நானே வச்சுத் தாரேன். தட்டப் பிடுங்குன ஒடனே நீங்க ஆரம்பிச்சிரலாம்."

அத்தைக்கு உள்ளூரச் சந்தோஷம். ஒரு வாரம் அடுப்படியில் எனக்கு முன்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். நான் அங்கங்கே திருத்தினேன். புதுச்சேலை உடுத்தி, முன்னால் போய் உட்கார்ந்தோம். தட்டைப் பிடுங்குகிற இடம் வந்தது. பிடுங்கினார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். பாய் படுதா ஓரத்தில் கையைக் கையை ஆட்டினார். அத்தை மடியில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார். நாடகம் அப்படியே அடுத்த காட்சிக்குப் போய்விட்டது.

பஸ்ஸில் வரும்போது, "ஏன் அத்தை, பயமா இருந்துச்சா?" என்றேன்.

"பயம் என்ன. அவ பிடுங்குனதப் பாத்து எனக்குக் கோவமே வரல" என்றார். கொஞ்ச தூரம் போனபின், "நீ பிடுங்குனாத்தான் பிடுங்குன மாதிரி இருக்கு" என்றார். என்னை அவர் பாராட்டியது என்று சொன்னால் அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நான் அந்த மேடையில் பல வருடம் நடித்தேன். கந்துவட்டிக்காரி, பெண் தாசில்தார், ஒரு தடவை எமன்கூட. என் வீட்டுக்காரர் விளக்கு போடுவார். தொண்ணூறுகளில் கமிட்டிக்குள் சண்டை வந்து இரண்டு ஊரும் தனித்தனியாக விழா நடத்தத் தொடங்கின. இரண்டிலும் எனக்குக் கெட்டவள் வேடம்தான்.

அந்தச் சமயத்தில்தான் கொழுந்தனாருக்குச் செட்டியார்பட்டியில் பெண் அமைந்தது. பேசி முடிப்பதற்கு முந்தின நாள் மாமன் வந்து, அத்தையை உட்காரவைத்து, அன்றைக்குச் சொன்ன வார்த்தை மூத்தவனுக்குத்தான் பொருந்தும், இளையவனுக்குப் பொருந்தாது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னார். அத்தை எழுந்து அடுப்படிக்கு வந்தார்.

"ஏட்டி, நான் அன்னைக்கு 'எம் மவன்'னு சொன்னேனா, 'மவன்மாரு'ன்னு சொன்னேனா?"

"எனக்கு ஞாபகம் இல்ல அத்தை" என்றேன். எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. என்ன செய்கிறார் என்று பார்க்க விரும்பினேன்.

அவர் அடுப்பிலிருந்த பாலையே பார்த்துக்கொண்டு நின்றார். பொங்கி வந்தபோது அவரே இறக்கினார். பிறகு வெளியே போய், "ஒண்ணும் கேக்கப்பிடாது" என்று மாமனிடம் சொன்னார். மாமன் சாப்பிடாமல் கிளம்பிப் போனார். மறுநாள் பெண் வீட்டில் அத்தை ஒன்றும் கேட்கவில்லை.

ஆனால் கல்யாணம் முடிந்த வாரம் பெண் வீட்டார் ஓர் இரும்பு பீரோவை வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கண்ணாடி பதித்த, பச்சை நிறப் பெரிய பீரோ. "நாம கேக்கல, பாத்துக்க. அவியளா அனுப்பிருக்காவ" என்று அத்தை என்னிடம் சொன்னார். ஆமாம் என்றேன். எங்கள் வாசல் குறுகல். நான்கு ஆட்கள் சாய்த்தும் படுக்கவைத்தும் பார்த்தார்கள். அத்தை நடுவில் நின்று, "இந்தப் பக்கம்… செத்தப் பொறுங்க… கண்ணாடி, கண்ணாடி பத்திரம்" என்று வழி சொல்லிக்கொண்டிருந்தார். புதுப்பெண் என் பக்கத்தில் வந்து நின்றாள். இருவரும் பீரோ உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தூக்கி வந்தவர்களுக்கு மோர் கலக்க உள்ளே போனோம்.